சம்பந்தியும் ஐரிஷ் விஸ்கியும்

மூடியைத் திருகித் திறந்த சம்பந்தி உடனே ஊற்றவில்லை. பாட்டிலை இரண்டு கைகளாலும் ஏந்தி, தீபாராதனைத் தட்டை நீட்டுவதுபோல என் முகத்துக்கு நேராக நீட்டினார். "மோந்து பாருங்க சம்பந்தி. மோந்துட்டு என்ன வருதுன்னு சொல்லுங்க" என்றார். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. நான் பெண்ணைக் கொடுத்தவன். கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளையைப் பெற்றவர் பாட்டிலைப் பிடிக்க நான் மூக்கை நீட்டுவதாவது! ஆனால் அவர் விடுகிற ஆளில்லை. மோந்து பார்த்தேன். பச்சை ஆப்பிளை நறுக்கி வைத்த தட்டுக்குப் பக்கத்தில் யாரோ தேன் புட்டியைத் திறந்து வைத்ததுபோல இருந்தது. அதை அப்படியே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நான் வாழைப்பழம்னுல நெனச்சேன். நீங்க சொன்ன பெறகு எனக்கும் ஆப்பிளு வருது" என்றார். மாடியறை ஜன்னல் வழியாகத் திருமங்கலம் பேருந்து நிலையத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவருடைய மகனுக்குத்தான் என் மகளைக் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் டப்ளினில் வேலை. அவனுக்குக் கணினி, இவளுக்கு ஆஸ்பத்திரி. சம்பந்திக்குத் திருமங்கலத்தில் உரக்கடை, எழுமலைப் பக்கம் கொஞ்சம் நிலம். எனக்குப் பழங்காநத்தத்தில் பெயிண்ட் கடை. உரமூட்டைக்கு நடுவில் உட்கார்ந்தவருக்கும் டர்பன்டைனுக்கு நடுவில் உட்கார்ந்தவனுக்கும் மூக்கு என்று ஒன்று மிச்சமிருந்ததே அதிசயம். கல்யாணம் முடிந்து வெகுநாள் வரைக்கும் நாங்கள் "சாப்பிட்டீங்களா, மழை உண்டா" என்பதற்கு மேல் பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தி என்றால் அப்படித்தான். ஒரு வார்த்தை கூடிவிட்டால் அது பெண்ணின் தலையில் போய் விடியும் என்று பயம். போனால் பழம், பூ, பலகாரத்தோடு போவது. விறைப்பாக நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காப்பியைக் குடித்துவிட்டு வருவது.

பிள்ளைகள் முதல் விடுமுறைக்கு வந்தபோது ஆளுக்கொரு விஸ்கி பாட்டில் கொண்டுவந்தார்கள். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டும் அயர்லாந்துச் சரக்கு, ஆனால் வேறு வேறு வகை. கடையில் நின்று கேட்டு விசாரித்துப் பொறுக்கியது என் மகள்தான் என்று பிறகு தெரிந்தது. அவள் வாயில் வைத்ததில்லை; இருந்தாலும் எதையும் விசாரிக்காமல் வாங்கமாட்டாள், அது அவள் அம்மா புத்தி. நான் என்னுடையதை பீரோவில் வேட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். சில நாள் கழித்து சம்பந்தி போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு வந்தது என்ன கலரு?" என்று கேட்டார். சொன்னேன். "எனக்கு வந்தது அதைவிட அழுத்தமால இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா என்ன?" என்றார். ஞாயிற்றுக்கிழமை துணிப்பைக்குள் பாட்டிலை வைத்து, அதன்மேல் ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதலில் நாங்கள் செய்தது மதுரைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்கள் ஊரில் குடிப்பது என்பதே தொட்டுக்கொள்வதற்காகத்தான். கறி இல்லாமல் கிளாஸைத் தொட்டால் அது பாவம். சம்பந்தி அம்மா மட்டன் சுக்காவும் கோலா உருண்டையும் செய்து, "அண்ணே, சூடு ஆறுறதுக்குள்ள சாப்புடுங்க" என்று மாடிக்கே அனுப்பிவிட்டார்கள். மிளகில் நாக்கு எரிய, இரண்டு விஸ்கியையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தோம். இரண்டும் மட்டன் சுக்கா மாதிரியே இருந்தன. அடுத்த முறை சோடா ஊற்றினோம். இரண்டும் சோடா மாதிரி இருந்தன. பிறகு மாப்பிள்ளையைப் போனில் கேட்டதில், வெறும் வயிற்றிலும் வேண்டாம், காரத்தோடும் வேண்டாம், சில சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டுப் பாருங்கள் என்றான். அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை விட்டால் விஸ்கி பல்பொடி கரைத்ததுபோல் ஆனது. கடைசியில் கேன் தண்ணீர், உப்பில்லாமல் அவித்த கடலை என்று ஒரு வழிக்கு வந்தோம். ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸில் அடிப்பக்கம் நனைகிற அளவு, அவ்வளவுதான். போதை ஏறுவதற்கு அங்கே வேலையே இல்லை.

ஒவ்வொரு விடுமுறைக்கும் புது வகை வந்தது. பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம். மூன்று தடவை காய்ச்சி வடித்தது என்று சொன்ன ஒன்று தொண்டையில் இறங்குவதே தெரியாது. அதற்கு 'நல்ல பிள்ளை'. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத பார்லியும் சேர்த்துச் செம்புப் பானையில் காய்ச்சியதாம் இன்னொன்று. நாக்கில் நல்லெண்ணெய் மாதிரி வழவழவென்று படிந்து, பின்னாலேயே சுக்குக் காரம் வரும், அது 'பருத்திப்பால்'. திராட்சை மது ஊறிய பீப்பாயில் கிடந்தது ஒன்று. பேரீச்சை, கற்கண்டு, உலர்ந்த திராட்சை எல்லாம் மணத்ததால் அதற்குப் 'பஞ்சாமிர்தம்' என்று பெயர் வைத்துவிட்டு, சாமி குத்தமாகிவிடும் என்று சம்பந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒண்ணுக்கு நல்லாப் போகணும்னு நம்ம ஊர்ல பார்லித் தண்ணி குடிக்கிறான். அவன் அதே பார்லிய வச்சு என்ன வேலை பாத்திருக்கான் பாருங்க!" என்று அவர் சொன்னது இப்போதும் சிரிப்பு வரவழைக்கிறது.

எங்களுக்குள் ஒத்துப்போனதே கிடையாது. எனக்குப் பஞ்சாமிர்தம், அவருக்குப் பருத்திப்பால். "உங்களுக்கு இனிப்பு இருந்தாப் போதும். பிள்ளை நாக்கு" என்பார். "உரக்கடைக்காரருக்குக் காட்டமா இருந்தாத்தான உறைக்கும்?" என்பேன். பெண்ணைக் கொடுத்தவன் அப்படி எதிர்வார்த்தை பேசுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. அவர் அதைத்தான் விரும்பினார் என்று நினைக்கிறேன். மகனிடம் சொல்லாததை, தம்பியிடம் சொல்லாததை எல்லாம் அந்த மாடியறையில் என்னிடம் சொன்னார். உரக்கடை தன் அப்பா திணித்தது என்றும், தனக்கு ரயில்வேயில் சேரத்தான் ஆசை என்றும் சொன்னார். எனக்கு நெஞ்சில் வலி வந்து யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை நானும் அவரிடம்தான் சொன்னேன். அறுபதை நெருங்கும்போது ஒரு கூட்டாளி கிடைப்பான் என்று எவன் எதிர்பார்ப்பான்? எனக்குக் கிடைத்தார். அதுவும் பேசவே கூடாத இடத்திலிருந்து கிடைத்தார்.

பிறகு ஒரு முறை மாப்பிள்ளை தனியாக வந்தான். மகளுக்கு லீவு கிடைக்கவில்லை என்றான். கையில் வழக்கம்போல இரண்டு பாட்டில். அதில் ஒன்றில் புகை வாசம். அங்கே மண்ணையே வெட்டிக் காயவைத்து எரிப்பார்களாம், அந்தப் புகையில் பார்லியை வாட்டிச் செய்ததாம். எனக்கு, மாட்டுக்கொட்டத்தில் கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போட்டதுபோல் இருந்தது. "இதைப் போயி மனுசன் குடிப்பானா?" என்றேன். சம்பந்திக்கோ உயிர் போகிற அளவுக்குப் பிடித்துவிட்டது. "இம்புட்டு நாளும் இவன எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று மகனைக் கேட்டார். இருவரும் சின்னப் பிள்ளைகள்போல மல்லுக்கு நின்றோம். மாப்பிள்ளை கதவோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். "என்ன மாப்ள?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, கடலை இன்னும் கொண்டாரவா?" என்று கீழே இறங்கிப்போனான்.

அடுத்த மழைக்காலத்தில் செய்தி வந்தது. சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிந்துவிடுகிறோம் என்றார்கள். அடி இல்லை, குடி இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொந்தக்காரர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? காரணம் இல்லாமல் ஒரு கல்யாணம் முறிவதை எங்கள் ஆட்கள் நம்பமாட்டார்கள். ஆளுக்கொரு காரணத்தை அவர்களே கொண்டுவந்தார்கள். அவர் பக்கத்து ஆட்கள் என் மகளைப் பேசினார்கள். என் மச்சினன்மார்கள் அவர் மகனைப் பேசினார்கள். பொதுவான ஒருவர் வீட்டில் கூடினோம். எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தோம். நானும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்காக மற்றவர்கள் பேசினார்கள். டீ வந்தது. உறவு அறுகிற இடத்தில் கை நனைக்கக் கூடாது என்பது வழக்கம், யாரும் தொடவில்லை. அவர் மட்டும் ஏதோ நினைவில் கிளாஸை எடுத்தார். எடுத்து, மூக்குக்குக் கீழே பிடித்து, கண்ணை மூடி மோந்தார். அப்புறம்தான் இடம் உறைத்தது. குடிக்காமல் கீழே வைத்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்திருந்தால் சிரித்திருப்பேன், இல்லை அழுதிருப்பேன்.

கட்டில், பீரோ, பாத்திரமெல்லாம் குட்டியானை வண்டியில் திரும்பி வந்தன. ஞாயிற்றுக்கிழமைகள்தான் எனக்குத் தாங்கமுடியாமல் போயின. கடை கிடையாது, பஸ் ஏறப் போக்கிடம் கிடையாது. போன் செய்யலாம்தான். ஆனால் பிரிந்துவந்த பெண்ணின் அப்பன் அங்கே போய்ச் சிரித்துப் பேசினால் ஊர் என்ன சொல்லும்? தப்பு உன் பெண்மேல்தான் என்று அவனே ஒத்துக்கொண்டான் என்று சொல்லும். அவர் இங்கே வந்தாலும் அதே கதைதான். நான் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒரு நாள் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, உங்களுக்குப் பொண்ணு வாழ்க்கை போச்சேன்னு கவலையா? கூட்டாளி போனாரேன்னு கவலையா?" எனக்குச் சுருக்கென்றது. இரண்டும்தான். எது பெரிது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. மகளுக்கு வயது இருக்கிறது, படிப்பு இருக்கிறது, இன்னொரு வாழ்க்கை அமையும். எனக்கு இனி அமையுமா என்று சுயநலமாக நினைத்த நாளும் உண்டு.

மகள் இப்போது அதே நாட்டில் வேறு ஊரில் இருக்கிறாள். நன்றாகவே இருக்கிறாள். போன வருடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க" என்றாள். "அவரு தனியா வந்தாருல்ல, அப்பவே நாங்க ஒரு வீட்ல இல்ல. சொல்லிட்டு வரத்தான் அவர அனுப்புனேன். உங்க ரெண்டு பேரையும் பாத்தா சொல்ல வாய் வரலன்னு திரும்பி வந்துட்டாரு. எனக்கும் அப்படித்தான். உங்களுக்காகத்தாம்பா இம்புட்டு நாள் தள்ளிப்போட்டோம்." போனை மறு காதுக்கு மாற்றினேன். "அந்தக் கடைசி ரெண்டு பாட்டிலும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். கடை வாசல்ல வச்சுக் கைமாத்துனோம்" என்றாள். அந்நியமாகிப்போன இரண்டு பேர் குளிரில் ஒரு கடை வாசலில் நின்று, இரண்டு கிழவர்கள் சண்டை போட்டு மகிழ்வதற்காக பாட்டிலைக் கைமாற்றியிருக்கிறார்கள். பிள்ளைகளின் சந்தோஷத்தில்தான் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று எண்ணியிருந்தேன்.

சென்ற தை மாதம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணம். என் கடையில் பெயிண்ட் எடுக்கிற கட்டட மேஸ்திரியின் மகளுக்கு. பந்தியில் நல்ல கூட்டம். "அண்ணே, இங்கன ஒரு எடம் கெடக்கு, உக்காருங்க" என்று மேஸ்திரியின் தம்பி தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தான். உட்கார்ந்த பிறகுதான் பக்கத்து இலையைப் பார்த்தேன். அவர். மெலிந்திருந்தார், கன்னம் ஒட்டியிருந்தது. பாதி இலையில் எழுந்து போவது சோற்றுக்கு அவமரியாதை, ஆகவே இருவரும் குனிந்து சாப்பிட்டோம். ரசம் வரைக்கும் பேச்சில்லை. பாயசம் ஊற்றும்போது, இலையைப் பார்த்தபடியே, "பிள்ள நல்லாருக்கா?" என்று கேட்டார். "நல்லாருக்கா. மகன்?" என்றேன். "வந்துட்டுப் போனான். புதுசா ஒரு பாட்டில் வாங்கியாந்தான்." கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சநேரம் பாயசத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். "தொறந்து மோந்து பாத்தேன். ஒண்ணும் பிடிபடல. ஒத்தையா ஒண்ண வச்சுக்கிட்டு நல்லதா கெட்டதான்னு எப்படிச் சொல்றது?" என்றார். அதற்குள் யாரோ வந்து, "மாமா, வண்டி நிக்கிது" என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்தார். "வாரேன்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தைக்கு முன்னால் சேர்த்துச் சொல்ல 'சம்பந்தி' என்ற சொல் இப்போது அவரிடம் இல்லை.

கை கழுவுமிடத்தில் மேஸ்திரியின் தம்பி பக்கத்துக் குழாயில் நின்றான். "பக்கத்துல உக்காந்திருந்தாரே, ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களே. உங்களுக்கு என்ன வேணும்ணே அவரு?" என்று கேட்டான். மாமன், மச்சான், பங்காளி என்று ஒவ்வொரு உறவாக மனத்துக்குள் எடுத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. "தெரிஞ்சவருப்பா" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். நான் கழுவிய கையையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன்.