அருவிக்கரையில் வைத்த சேவல் குழம்பு

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருடம் ஐப்பசியில் நல்ல மழை. சிறுமலை அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டு, என் கணவரின் அண்ணன் பழங்காநத்தத்துக் கடையை ஒரு நாள் அடைத்துவிட்டு எங்களை அழைத்துப் போனார். அவர், அவர் மனைவி, என் கணவர், நான். நான்கே பேர்.

நான் எழுமலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. கணவரின் அண்ணியை அக்கா என்று கூப்பிடுவேன். ஆனால் இரண்டு மாதமாக அப்படிக் கூப்பிடவே இல்லை. என்னைப் பார்க்க வந்த என் அம்மா வாசலில் வெகுநேரம் நின்றிருந்தாள். உள்ளே இருந்த அக்கா வந்து வாங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். அதோடு பேச்சு நின்றது. அரிசி தீர்ந்துவிட்டால் அக்கா நிலைப்படியைப் பார்த்துச் சொல்வார். நான் அடுப்பைப் பார்த்துப் பதில் சொல்வேன்.

வாடிப்பட்டி வரை ரயிலில் போனோம், பிறகு மாட்டுவண்டி. அடிவாரத்து வீடொன்றில் சேவல் வாங்கினோம். அவர்களே அறுத்துச் சுத்தம் செய்து தந்தார்கள். காய்ந்த விறகும் அங்கேயே கிடைத்தது. அதற்கு மேல் நடைதான். ஈரப் பாறையில் கால் வழுக்கியது. ஓர் ஓடையைத் தாண்டும்போது முன்னால் போன அக்கா கையை நீட்டினார். நான் பார்க்காததுபோல ஒரு வேரைப் பிடித்து ஏறினேன்.

அருவிக்குப் பக்கத்தில் மரத்தடியில் ஒரு சின்ன அம்மன். ஆண்கள் இருவரும் குளிக்கப் போய்விட்டார்கள். நாங்கள் கல் கூட்டி இரண்டு அடுப்பு வைத்து, ஒன்றில் சோற்றையும் மற்றதில் குழம்பையும் ஏற்றினோம். வீட்டில் அரைத்த மசாலாவை அக்கா இலையில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். கறி பாதி வெந்தபோது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்தார். முகம் கோணியது.

"உப்புப் போட்டியா?" என்று நேராக என்னைப் பார்த்தே கேட்டார்.

"போட்டேன். கறி போட்டப்பவே."

"நீ தண்ணி எடுக்கப் போனப்ப நானும் ஒரு கை போட்டுட்டேனே! சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க சொன்னீகளா?"

அக்கா சட்டியைக் கீழே இறக்கிவைத்தார். "பசியோட வருவாக. என்ன செய்ய?"

"தேங்கா இருக்குல்லக்கா."

"அது அம்மனுக்குக் கொண்டாந்ததுல்ல."

"ஒடச்சுக் கும்பிட்டுட்டு எடுத்துக்கிருவோம்."

அக்கா ஓடிப்போய் உடைத்து, அவசரமாகக் கும்பிட்டுவிட்டு வந்தார். பாதிக் குழம்பை வேறு சட்டியில் ஊற்றி ஒதுக்கினோம். தேங்காயைக் கீறி, பாறையில் வைத்துக் கல்லால் நைத்து மீதிக் குழம்பில் சேர்த்தேன். அவர் சின்ன வெங்காயம் உரித்துப் போட்டு, சுடுசோற்றை உருட்டி மூன்று உருண்டைகளைக் குழம்பில் இறக்கினார். உப்பை அது இழுக்குமாம். சுடுசோறு கையைச் சுட்டுவிட்டது. ஊதிக்கொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆண்கள் தலை துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இலை போட்டுப் பரிமாறினோம். இரண்டாவது வாயில் அண்ணன், "இம்புட்டு ருசியா வீட்ல ஒரு நாளும் வச்சதில்லையே" என்றார். என் கணவர் தண்ணீரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

பிறகு நாங்கள் குளித்தோம். நான் அதுவரை அருவியில் நின்றதில்லை. தண்ணீர் தோளில் கல் விழுவதுபோல விழுந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார். கூப்பிடக் கூப்பிட வராமல் வெகுநேரம் நின்றோம்.

இறங்கி வந்து அடிவாரத்தில் மலைவாழைப்பழம் வாங்கினோம். ஈரச் சேலையோடு ரயிலில் உட்கார்ந்து ஒரு சீப்பை நாங்கள் இருவரே தின்று தீர்த்தோம். வாசலில் என் அம்மா நின்ற சங்கதியை அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. அதற்கப்புறமும் எங்களுக்குள் சண்டை வந்ததுண்டு. ஆனால் சண்டை போட்ட அன்றே பேசிவிடுவோம்.