பாஸ்போட்காரனின் இரத்தம்

கோபம் வந்தால் என் கணவர் ஒருநாளும் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டதில்லை. "அது நானில்லை, பாஸ்போட்காரன்" என்பார். எண்பதுகளின் நடுவில் அவர் லண்டனுக்கு வந்தது இன்னொருவருடைய பாஸ்போட்டில். அந்த மனிதரை நாங்கள் கண்டதில்லை. ஏஜென்சிக்காரன் படத்தை மாற்றி ஒட்டிக் கொடுத்த ஒரு பெயரும் ஒரு பிறந்த தேதியும்தான் அவர். அந்தப் பெயரிலேயே விம்பிள்டன் பக்கம் ஒரு பெற்றோல் ஷெட்டில் இவர் வேலை செய்தார். அந்தப் பெயரிலேயே ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் வான் மோதி, தொடை எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு பை இரத்தமும் ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டில் இவர் எப்போது சத்தம் போட்டாலும், உள்ளே ஓடுவது பாஸ்போட்காரனின் இரத்தம் என்பது எங்கள் பகிடி. நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகு நானும் வந்து சேர்ந்தேன். இரண்டு பேரும் சொந்தப் பெயரில் அகதி விண்ணப்பம் போட்டோம். குரோய்டனில் இருக்கிற குடிவரவுக் கந்தோருக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாடமாக்கியிருந்தோம். இவர் இந்த நாட்டில் ஒருநாளும் வேலை செய்ததில்லை, வேறு பெயர் எதுவும் இல்லை, இதுதான் பாடம். போவதற்கு முதல் நாள் காலை, கடுதாசிகள் கிடந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து, அந்தப் பெயர் இருந்த எல்லாவற்றையும் பொறுக்கிக் கிழித்தேன். சம்பளச் சீட்டுகள், ஆஸ்பத்திரிக் கடிதங்கள், கடைசியில் ஒரு சின்ன அட்டை.

அந்த அட்டையை வாசித்துவிட்டுத்தான் கிழித்தேன். ஊரில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்தவள் நான், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது. காலில் இரண்டாம் முறை ஒப்பரேஷன் செய்ய முன்னர் இரத்தத்தைச் சோதித்தபோது, முன்பு ஏற்றிய இரத்தத்தால் இவருடைய உடம்பில் சில வகை இரத்தத்துக்கு ஓர் எதிர்ப்பு உண்டாகியிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இனி எங்கே இரத்தம் ஏற்றுவதென்றாலும் முதலில் இந்த அட்டையைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. மேலே பாஸ்போட்காரனின் பெயர். நாலாகக் கிழித்து, போதாதென்று எட்டாகவும் கிழித்தேன்.

அந்தக் கால் நோவுக்காக இவர் வருஷக்கணக்கில் குளிசை விழுங்கினார், அதுவும் ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் வெறும் வயிற்றில். தொண்ணூறுகளில் ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே இரத்தமாக வாந்தி எடுத்தார். இப்போது வேறு ஆஸ்பத்திரி, சொந்தப் பெயர். வயிற்றுப் புண் வெடித்திருக்கிறது, உடனே இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் ஓர் இளம் பெண் டொக்டர். கட்டிலருகில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முன்பு எப்போதாவது இரத்தம் ஏற்றியதுண்டா? ஏற்றியபோது நடுக்கம், தோலில் கடி, காய்ச்சல் ஏதும் வந்ததா? அட்டை ஏதாவது தந்தார்களா?

நான் இவரைப் பார்த்தேன். உதடு வெளிறிப் போயிருந்தது.

"இல்லையெண்டு சொல்லும்," என்றார்.

"இது இரத்த விசயம். விளையாடாதேங்கோ."

"ஏத்தினது அவனுக்கு. எனக்கில்லை."

அதில் பகிடி துளியும் இல்லை. எங்கள் விசா நீடிப்புக் கடுதாசி அப்போது குரோய்டனில் யாருடைய மேசையிலோ கிடந்தது. நாங்கள் விட்டு வந்த ஊரில் ஆஸ்பத்திரிப் பதிவேட்டை ஆமிக்காரன் வந்து புரட்டிப் பார்ப்பான், காயத்தோடு போனவன் காயம் வந்த கதையை மாற்றித்தான் சொல்ல வேண்டும். அந்தப் புத்தியோடுதான் இங்கேயும் இருந்தோம். டொக்டர், கவுன்சில், குரோய்டன் எல்லாரும் ஒரே மேசையில் இருந்து ஒரே ஃபைலைப் பார்க்கிறார்கள் என்று நான் நம்பினேன். "நோ" என்றேன். மூன்று கேள்விக்கும் அதே பதில். டொக்டர் எழுதிக்கொண்டார்.

இரத்தப் பை வந்தபோது இரண்டு தாதிமார் வந்தார்கள். ஒருத்தி இவருடைய கையில் கட்டியிருந்த பட்டியைப் பார்த்துப் பெயரையும் பிறந்த தேதியையும் வாசிக்க, மற்றவள் பையிலிருந்ததை வாசித்தாள். இவருடைய வாயாலும் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். எல்லாம் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தது. பழைய எதிர்ப்பு, காலம் போகப் போகச் சோதனையில் பிடிபடாத அளவுக்குக் குறைந்துவிடுமாம். உடம்பு மட்டும் அதை மறக்காது. அந்தச் சோதனைக்குத் தெரியாததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான், கையில் அவருடைய சட்டையை மடித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அந்த இரத்தம் அன்று அவரைக் காப்பாற்றியது, அதை நான் மறுக்கக்கூடாது. ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தார். ஆர்ச்வே கோயிலில் முருகனுக்கு அர்ச்சனை செய்தோம். பொய் சொல்லித் தப்பிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கெட்டித்தனப் பெருமைகூட இருந்தது.

எட்டாம் நாள் காய்ச்சலும், இடுப்போடு நாரி நோவும். கண் மஞ்சள். சிறுநீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் போனது. செங்கமாரி, மஞ்சள் காமாலைதான் என்று நானே முடிவு கட்டினேன். எண்ணெயை நிறுத்தி, ரூட்டிங்கில் தமிழ்க் கடையில் கீழ்க்காய்நெல்லித் தூள் வாங்கி மோரில் கரைத்துக் கொடுத்தேன். இரத்தம் ஏற்றி ஏழெட்டு நாள் கழித்தும் இப்படி வந்தால் உடனே கொண்டு ஓட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தாதி சொல்லியும் இருக்கலாம். வீட்டுக்கு விடுகிற சந்தோசத்தில் நான் எதைக் கேட்டேன். இரண்டு நாள் மோர் கொடுத்தேன். மூன்றாம் நாள் சிறுநீரே போகவில்லை.

இதை எங்கள் சனத்திடம் பலதரம் சொல்லிவிட்டேன். முன்பு இரத்தம் ஏற்றியிருந்தால், எந்த நாட்டில், எந்தப் பெயரில் என்றாலும் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பெண்கள் அதையும் சொல்லுங்கள், அதனாலும் எதிர்ப்பு உண்டாகலாமாம். அட்டை தந்தால் வைத்திருங்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். போன வருஷமும் கோயிலில் வைத்துத் தலையாட்டிய ஒரு பெண், பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்டால் என்ன பெயரைச் சொல்வது என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். அவள் சொல்லமாட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஆனால் எந்த வாயால் ஏசுவது.

அன்று இவரை ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோனபோது அதே டொக்டர்தான் இருந்தார். ஏற்றிய இரத்தத்தை இவருடைய உடம்பே உடைக்கிறது, சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன, முன்பு ஏற்றியது நிச்சயமாக இல்லையா என்று மறுபடியும் கேட்டார். இப்போது பேச இவருக்கு நினைவில்லை, தடுக்கவும் ஆளில்லை. வான் மோதியது, கிழித்த அட்டை, மற்றப் பெயர், மற்றப் பிறந்த தேதி எல்லாம் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. பழைய ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் எடுத்தார். ஒரு மணித்தியாலத்தில் பாஸ்போட்காரனின் ஃபைலைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இத்தனை வருஷமும் அது அங்கேயே இருந்திருக்கிறது.

டொக்டர் தாளோடு திரும்பி வந்தபோது, குரோய்டனுக்குச் சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. பேனையைத் திறந்துகொண்டு, மிகவும் கவனமாக என்னிடம் கேட்டார்: "குரோய்டனிலும் இவருக்கு இரத்தம் ஏற்றினார்களா?"

இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். நாலாம் நாள் என் கணவர் செத்துப்போனார், சொந்தப் பெயரில்.