பழைய ஜாவாவும் வைஷாலியின் ‘பகூயா’வும்

புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டுக்குக் குடிவந்த புதிதில் மின்விசிறி ஓடவில்லை என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருந்தேன். ஆளைக் காணோமே என்று மறுபடி ஃபோன் செய்தபோது, “கால் ஆலோ ஹோதோ” என்றார். ஆபீசில் பொறுக்கிய இந்தியில் ‘கல்’ என்றால் நேற்று, நாளை இரண்டுமே. நாளை வருகிறார் என்று எடுத்துக்கொண்டு, லீவு போட்டு வீட்டில் காத்திருந்தேன். அவர் பேசியது மராத்தி. அதில் ‘கால்’ நேற்று மட்டும்தான். நேற்றே வந்துவிட்டுப் போனேன் என்று சொல்லியிருக்கிறார். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். பக்கத்து பிளாட் வைஷாலியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள்.

வைஷாலி மராத்திக்காரி. எனக்குத் தோழியானதற்கு ஜாவா என்ற கணினி மொழிதான் காரணம். அந்த மொழியில் இணையதளம் கட்டுகிறவர்களுக்கு அடித்தளமாக உதவும் ஒரு ஃபிரேம்வொர்க்கை, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி, பல ஊர்க்காரர்கள் சேர்ந்து ஓய்வு நேரத்தில் வளர்த்துவருகிறார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் முக்கியமான ஆள் என் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே போய் அவள் கதவைத் தட்டினேன். தென்காசிக் கல்லூரி லேபில் நானும் தோழி செல்வியும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஜாவா கற்றது அந்த ஃபிரேம்வொர்க்கில்தான். செல்வி ஊரிலேயே தங்கிவிட்டாள். ரத்தம் தேவைப்படுகிறவர்களையும் கொடுக்கிறவர்களையும் சேர்த்துவைக்க, அதே ஃபிரேம்வொர்க்கில் ஓர் இணையதளம் கட்டினாள். பிரசவ வார்டுக்கு வெளியே பதறி நிற்கிறவர்கள் இன்றும் அதைத்தான் திறக்கிறார்கள்.

ஃபிரேம்வொர்க் வேலையில் நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு ஞாயிறு காலை வைஷாலி வீட்டில் அவல் போஹா தட்டுகளுக்கு நடுவே மடிக்கணினியை வைத்து, அதன் அடுத்தடுத்த வெளியீடுகளைத் திட்டமிட்டோம். முதலில் சின்னத் திருத்தங்கள், அதன்பின் பெரிய வெளியீடு. பெரியதில் ஜாவாவின் பழைய பதிப்பைக் கைவிடுவது என்றாள் வைஷாலி. பழையது, புதியது இரண்டையும் சோதித்துச் சோதித்து அவள் களைத்திருந்தாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் செல்வியின் தளம் ஓடுவது பழைய ஜாவாவில். நாங்கள் கைவிட்டால் பிறகு பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அவளுக்குக் கிடைக்காது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

வைஷாலி என் தட்டில் இன்னும் கொஞ்சம் போஹா வைத்தாள். பிறகு, மராத்தியில் “பகூயா” என்றாள். பார்ப்போம்.

எங்கள் ஊரில் ‘பார்ப்போம்’ என்றால் கதை முடிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் சொல்வார்கள், சம்பளம் கூட்டக் கேட்டால் முதலாளி சொல்வார். போஹாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து செல்விக்கு ஃபோன் செய்து, நடக்காது போலிருக்கிறது என்றேன்.

“ஏட்டி, நீ அங்க இருக்கேன்னுதான நான் தைரியமா இருந்தேன்” என்றாள் செல்வி. அவள் குரலில் கோபம் இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம் வைஷாலியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். சனிக்கிழமை அவளே கதவைத் தட்டினாள். செல்வியின் நிரலை எப்போது தரப்போகிறாய், ஒரு வாரமாகக் காத்திருக்கிறேன் என்று கடிந்துகொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. “பகூயான்னா பாக்கணும்தானே? பாக்காம எப்படி முடிவு பண்றது?” என்று இந்தியில் கேட்டாள்.

நிரலைக் கொடுத்தேன். பார்த்தாள். புதிய ஜாவாவுக்கு மாற்றினால் உடைவது நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. பெரிய வெளியீட்டுக்கு முன்னால், பழைய ஜாவாவிலும் புதியதிலும் ஓடும் ஓர் இடைக்கால வெளியீட்டைத் திட்டத்தில் சேர்த்தோம். செல்வியைப் போன்றவர்கள் அதை வைத்து அவசரமில்லாமல் புதிய ஜாவாவுக்கு வந்துவிடலாம். அதைச் சோதிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன்.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் மூவரும் வீடியோவில் உட்கார்ந்தோம். செல்வி உடைந்த ஆங்கிலத்தில் விளக்குவாள். வைஷாலி “ஹோ, ஹோ” என்று தலையாட்டுவாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த செல்வி ஒருநாள் தமிழில், “அவ ஏம்ட்டி என்னய நக்கல் பண்ணுதா?” என்று கேட்டுவிட்டாள். மராத்தியில் ‘ஹோ’ என்றால் ஆமாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், என்ன பேச்சு என்று வைஷாலி கேட்க, மொழிபெயர்க்க முடியாமல் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

இடைக்கால வெளியீடு வந்த அன்று செல்வியின் தளம் ஒரு நிமிடம்கூட நிற்காமல் புதிய ஜாவாவுக்கு மாறியது. வெளியீட்டுப் பக்கத்தில் உழைத்தவர்களின் பெயரும் ஊரும் வரும். என் பெயர் அதில் வருவது அதுவே முதல் முறை. புனே என்று போடு என்றாள் வைஷாலி. தென்காசின்னு போடு என்றாள் செல்வி. இரண்டையும் போட்டேன். கணினியில் பார்த்தால் இரண்டு ஊரும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கைப்பேசியில் இடம் போதாமல் புனே கீழ் வரிக்கு இறங்கிவிடுகிறது. சரிசெய்யட்டுமா என்று வைஷாலி கேட்டாள். வேண்டாம், வரைபடத்தில் கீழே கிடக்கும் தென்காசி இங்கேயாவது மேலே இருக்கட்டும் என்றேன்.