இருக்கிறவன் பெயர்

இங்கே சுவருக்குச் சோப்புப் போடுகிறார்கள். சொன்னால் சிரிப்பீர்கள். வண்டியில் வெந்நீர் டேங்க், நீளமான குழாய், மூக்கைப் பொத்த வைக்கும் ஒரு மருந்து. மருந்தைத் தடவி, செத்த நேரம் ஊறவிட்டு, வெந்நீரைப் பீய்ச்சி அடித்தால் சுவரில் இருக்கிற படமும் எழுத்தும் கரைந்து சாக்கடைக்கு ஓடும். ராஜபாளையத்தில் சுவர் விளம்பரம் எழுதியே உங்களை வளர்த்த அப்பாவுக்குப் பாரிஸில் கிடைத்திருக்கும் வேலை இதுதான், பிள்ளைகளா. உங்கள் மாமா சொல்லிச் சேர்த்துவிட்டது. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். நிரந்தரமானால்தான் உங்களையும் அம்மாவையும் கூப்பிடுவதற்கு எழுதிப் போட முடியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நாள் முழுக்க என்னோடு பேச ஆள் கிடையாது. மேஸ்திரியை இங்கே ஷெஃப் என்கிறார்கள். காலையில் இறக்கிவிட்டுப் போனால் மத்தியானம்தான் அவர் வருவார். அதனால் சுவர்களோடு பழகிவிட்டேன். இங்கே படம் போடுகிறவர்கள் ஆள் பார்க்காத நேரத்தில் வந்து, டப்பாவில் அடைத்த பெயிண்டை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். முகம் தெரியாது, கை தெரியும். ஒருவருடைய எழுத்தெல்லாம் ஊதின பலூன் மாதிரி. இன்னொருவருக்குப் பூனையை விட்டால் வேறு தெரியாது. எனக்குப் பிடித்தவர் ரயில் பாலத்தின் கீழே மீன் வரைகிறவர். கோடு சாய்கிற சாய்ப்பில் இடக்கைக்காரர் என்று தெரிகிறது. படம் என் தோளுக்கு மேல் ஏறாது, ஆள் குட்டை. கோடு மெலிந்து முடிகிற அழகைப் பார்த்தால், டப்பாவைத் தொடுமுன் பிரஷ் பிடித்த கை. எங்கேயோ போர்டு எழுதியிருக்கிறார். மூலையில் சிவப்பில் அவர் பெயர், எனக்குப் படிக்கத் தெரியாத நாலு எழுத்து.

எழுத்தை வைத்து ஆளைச் சொல்வது ஊரில் பழகியது. சேத்தூர் மாடசாமி லாரிக்குப் பின்னால் எழுதிப் பழகியவர்; சுவரிலும் இரண்டு பக்கம் பூ இல்லாமல் ஒரு வரி நிற்காது. நான் மில்லில் பஞ்சுப் பொதிக்கு நம்பர் போட்டவன். என் எழுத்து குண்டு, ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் காதர் அண்ணன் அச்சாபீஸில் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்தவர். நூல் பிடிக்காமலே அவர் வரி நேராக நிற்கும். அந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சுவரில் பால்கோவாக் கடை விளம்பரம் எழுதியிருந்தார். ஒரு எலெக்‌ஷன் சமயம் அந்தச் சுவர் எனக்கு வேலை கொடுத்த கட்சிக்காரர்களுக்குக் கிடைத்தது. நான் சுண்ணாம்பு அடித்து முழுக்க மூடினேன், மூலையில் இருந்த ‘காதர் ஆர்ட்ஸ்’ உட்பட. மறுநாள் சைக்கிளை மிதித்து ராஜபாளையத்துக்கே வந்துவிட்டார். டீக்கடையில் வைத்துப் பிடித்தார்.

“ஏலே முருகேசா, எழுத்த அழிச்ச, சரி. பேர எதுக்குல அழிச்ச? நான் மவுத்தாப் போயிட்டேன்னா?”

“மூலையில எம்புட்டு எடம் அண்ணே! அதுக்கா இம்புட்டு தூரம் மிதிச்சு வந்திய?”

“எம்புட்டு எடமா? இருக்கிறவன் பேர மூடப்படாதுல. உன் பேரு மேல நான் ஒரு கோட் சுண்ணாம்பு அடிக்கட்டுமா? வீட்டுல தங்கச்சி சம்மதிக்குதான்னு கேட்டுட்டு வா.”

டீக்கடையே சிரித்தது. அன்றைக்கே போய் அவர் பெயரைத் திரும்ப எழுதிக் கொடுத்து, அதற்குக் கீழே என் பெயரைப் போட்டேன். “என் பேரையும் குண்டாக்கிட்டியே, பாவி” என்று தலையில் அடித்துக்கொண்டார். அதிலிருந்து நாங்கள் யாருமே சுண்ணாம்பு அடிக்கும்போது மூலையை மட்டும் விட்டுவிடுவோம். சில சுவர்களில் மூன்று நான்கு பெயர் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும்.

இங்கேயும் அதையே செய்திருக்கிறேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. மீனை அழித்தேன், சிவப்புப் பெயரை விட்டேன். மற்றவர்கள் பெயரும் சேர்த்து இப்படிப் பத்து இடம். ஒரு நாள் பாலத்தடியில் குட்டையான ஒரு மனிதர், என் வயதுதான் இருக்கும், ரொட்டியை வலது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். இடக்கையால் அந்தப் பெயரைக் காட்டினார். நகமெல்லாம் சிவப்பு. ஏதோ கேட்டார். எனக்குப் புரிந்தது ‘பூர்க்குவா’ மட்டும். ஏன் என்று அர்த்தம். இத்தனை மாதத்தில் என்னிடம் ஏன் என்று கேட்ட முதல் ஆள். காதர் அண்ணன் சொன்னதைச் சொல்லிவிடும் ஆசையில், தெரிந்த வார்த்தைகளைக் கூட்டி, “வூ... பா மோர்” என்றேன். நீங்கள் சாகவில்லை. கையில் புகை கக்கும் குழாயோடு ஒருவன் அப்படிச் சொன்னால் யார்தான் நிற்பார்கள்? முகம் வெளுத்து இரண்டு எட்டு பின்னால் வைத்தார். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கூப்பிடுவதற்கு அவர் பெயரைக் கூட எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஷெஃப் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு பெயராகக் காட்டிக் கத்தினார். சாயங்காலம் அவரோடு போனில் பேசிவிட்டு உங்கள் மாமா சொன்னான்: “அத்தான், படத்தையாவது சில பேரு பொறுத்துக்கிடுவாக. அந்தப் பேருக்குத்தான் இங்க கம்ப்ளெயிண்டே. திங்கக்கிழமைக்குள்ள பத்தையும் அழிக்கணுமாம், இல்லன்னா வேலை கிடையாதாம்.”

அழித்தேன். ஒன்பதைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன். பாலத்தடியில் இருந்த பத்தாவதில் கை வரவில்லை. சட்டைப்பையில் உங்கள் மூவரின் போட்டோ இருந்தது. தொட்டுப் பார்த்துக்கொண்டு குழாயைத் திறந்தேன். கொஞ்சம் மீதி இருந்ததை விரலால் தேய்த்து எடுத்தேன். ஷெஃப் திங்கட்கிழமை நிரந்தரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நீங்கள் வரலாம். பாலத்தடியில் அதற்குப் பிறகு மீன் வரவில்லை. பயந்து போனாரா, வேறு சுவர் பார்த்துக்கொண்டாரா, கேட்க எனக்கு ஆளில்லை.

கவிதா, உன் கடிதம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சுவரில் யாரோ புதிதாகச் சோப்பு விளம்பரம் எழுதியிருக்கிறார்கள், ஆனால் மூலையில் காதர் பெரியப்பா பெயருக்குக் கீழே அப்பா பெயர் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த ஊரில் நான் இன்னும் இருக்கிறேன் போலிருக்கிறது. இங்கே என் கட்டைவிரல் நகத்தின் அடியில் அந்தச் சிவப்பு ஏறிக்கொண்டது. ஒரு வாரமாகத் தேய்க்கிறேன், போகவில்லை. நகத்தை வெட்டினால் போய்விடும். இன்னும் வெட்டவில்லை.