புகைக்கூடத்தில் நெருப்பு எரிந்தது

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை, சிம்பாங் ரெங்கம் பக்கம் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஒரு ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தைப் பார்க்கப் போனேன். ரப்பர் பாலை உறையவைத்துத் தட்டிய தகடுகளை, நாங்கள் சீட் என்போம், புகை போட்டுக் காயவைக்கும் கட்டடம் அது. இது நான்காவது முறை. பாதிக் கூரை இல்லாத செங்கல் கட்டடத்துக்கு நான்கு பயணமா என்று வீட்டில் கேட்டார்கள். உங்களுக்கும் தோன்றும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா லூர்து, ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1943இல், எட்டாம் மாதமே பிறந்துவிட்டவர். அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், போர் முடிந்துதான் திரும்பினார். தோட்டத்து ஆஸ்பத்திரி மூடிக் கிடந்தது. அம்மா குழந்தையைக் கூடையில் வைத்து, புகைக்கூடத்தின் வெளிச்சுவரோரம் சூட்டில் கிடத்தி, நாற்பது நாள் காப்பாற்றினார். இதை அக்கா தன் ஒவ்வொரு பிறந்தநாளிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், தோட்டத்து மக்களின் ஒன்றுகூடலில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தோட்ட வரலாறு என்று சிறு ஏடு ஒன்றை வெளியிட்டார். ஜப்பானியர் காலத்தில் ரப்பருக்கு விலையில்லை, புகைக்கூடத்தில் நெருப்பே எரியவில்லை என்று அதில் இருந்தது. நான் எழுந்து, அம்மா அக்காவைக் காப்பாற்றியதைச் சொல்லி மறுத்தேன். ரப்பர் சீட் காய்ந்துகொண்டுதான் இருந்தது என்று வாதாடினேன். அவர் மைக்கை விடாமல், "ஐயா, உங்கம்மா சொன்ன கதை நல்லாத்தான் இருக்கு. கதையாவே இருக்கட்டுமே," என்றார். கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து அக்கா அந்தக் கதையைச் சொல்வதில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஆங்கில அறிக்கையை அகராதி வைத்துக்கொண்டு படிக்கத் தெரியும். நூலகம் நூலகமாகப் போனேன். தோட்டத்தைப் பற்றிய தாள்கள் 1941 வரை இருக்கின்றன, மறுபடி 1946இல் தொடங்குகின்றன. நடுவில் ஒன்றுமில்லை. பழைய தோட்டத்துத் தமிழர்களை ஊர் ஊராகத் தேடி, பெக்கோக் வரைக்கும் போய்க் கேட்டேன். ஜப்பான் காலத்தில் ரப்பர் சீட் புகை போட்டார்களா என்று கேட்டால் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இல்லையென்றுதான் ஆட்டினார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த முறை அக்காவும் வருவேன் என்றார். ஜொகூர் பாருவில் என் வீட்டிலிருந்து காலை 6.40க்குப் புறப்பட்டோம். வாடகைக் கார், ஓட்டுநர் சேகர், அரை நாளுக்குப் பெட்ரோலோடு 180 வெள்ளி. நெடுஞ்சாலையில் நேராக சிம்பாங் ரெங்கம், 84 கிலோமீட்டர். 7.55க்குச் சேர்ந்தோம். தோசையும், நுரை பொங்க இழுத்து ஆற்றிய தே தாரேயும் மூவருக்கும் 19 வெள்ளி 40 காசு. சட்னி சுமார்தான், தேநீர் அருமை.

டவுனிலிருந்து 11 கிலோமீட்டர் தார்ச்சாலை. முச்சந்தியில் ஒரு சீனர் கடை. அங்கிருந்து 1.4 கிலோமீட்டர் செம்மண் பாதை. இரு பக்கமும் ரப்பர் போய் இப்போது செம்பனைதான், எண்ணெய் எடுக்கும் பனை. காவலாளியிடம் முதல் நாளே அனுமதி வாங்கியிருந்தேன், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள்.

"பாட்டி, நீங்க கார்லயே இருங்க. உள்ள பாம்பு இருக்கும்," என்றார் சேகர்.

"நாப்பது நாளு அங்க குடியிருந்தவ நானு. பாம்புதான் என்னக் கேட்டுட்டு இருக்கணும்," என்று அக்கா கைத்தடியோடு இறங்கிவிட்டார்.

நான்கு அறைகள். ஒவ்வொன்றும் பதினான்கு அடிக்குப் பன்னிரண்டு, நானே நாடா வைத்து அளந்தேன். பின்புறம் முழங்கால் உயரத்தில் நான்கு அடுப்பு வாய்கள். விறகை வெளியிலிருந்து போடுவார்கள், புகை தரைக்கடியில் புகுந்து மேலே ஏறும். சுவரெல்லாம் கரி பூசி, காக்கைச் சிறகு போல மினுமினுக்கிறது. கூரையைப் பிளந்து ஓர் ஆலஞ்செடி எட்டிப் பார்க்கிறது. இத்தனை பாழடைந்தும் அழகாக இருக்கிறது அந்தக் கட்டடம்.

அக்கா சுவரைத் தடவி விரலை முகர்ந்தார். "புகை வாசம் வருதாக்கா?" என்றேன். "மழ வாசந்தான் வருது," என்றார். சுவர் நிறையப் புகை இருக்கிறது, ஆனால் புகை தேதி போட்டு ஒட்டாது.

திரும்பும்போது 10.20. வெயில் தாங்காமல் முச்சந்திக் கடையில் இறங்கினோம். முன்பு மூன்று முறையும் அங்கே தண்ணீர் வாங்கியிருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டதில்லை. தோட்டத்துக் கதையைத் தமிழரிடம்தானே கேட்க வேண்டும் என்று நினைத்தவன் நான். வாசலில் கடைக்காரரின் தாயார், தொண்ணூற்றொரு வயது, விசிறியோடு உட்கார்ந்திருந்தார். தோட்டத்துத் தமிழ் தண்ணீராக வருகிறது, வாக்கியத்துக்கு வாக்கியம் உள்ளூர் 'லா' கலந்து.

"சேத்துக் காலோட எங்க போய்ட்டு வர்றீங்க?"

"பழைய புகைக்கூடத்துக்கு, ஆ சோ," என்றேன். சீனத்து மூத்த பெண்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

"அங்க என்னா இருக்கு? ஜப்பான்காரன் காலத்துல நாங்க அங்கதான் மரவள்ளி காய வச்சோம்."

"மரவள்ளியா? ரப்பர் சீட் இல்லையா?"

"அலமாக்! அப்ப ரப்பர எவன் வாங்குவான்? கடிச்சுத் திங்கவா முடியும்? மரவள்ளிய சீவி உள்ள அடுக்கி, நெருப்பு மூட்டுவோம். மழைக் காலம் லா."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தானாகவே தொடர்ந்தார்.

"ஒரு தமிழக்கா கூடையில கொழந்தையத் தூக்கிட்டு வந்தா. எலிக்குஞ்சு மாதிரி இருந்துச்சு. மரவள்ளி காஞ்சு முடிஞ்சப்புறமும் எங்கம்மா நெருப்ப அணைக்க விடல. வெறகு தூக்குனது யாரு? நானு. ஒம்போது வயசு. அந்தக் கொழந்த மேல எனக்கு அவ்ளோ கோவம்!"

அக்கா கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். "அந்த எலிக்குஞ்சு நாந்தான்."

மூதாட்டி மேலும் கீழும் பார்த்தார். "பொய் சொல்லாத லா. இவ்ளோ குண்டா?"

பிறகு இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள். சேகர் போய் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமான கார்.

ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். அம்மா ஒருநாளும் ரப்பர் சீட் என்று சொன்னதில்லை. நெருப்பு எரிந்தது என்றுதான் சொன்னார். ரப்பர் சீட்டை அந்தக் கதைக்குள் கொண்டுபோய்த் தொங்கவிட்டவன் நான். நான்கு ஆண்டுகள் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். அந்த ஆசிரியருக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன்: ரப்பர் காயவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நெருப்பு எரிந்தது, நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை விடமாட்டேன்.

திரும்பும் வழியில் அக்கா கைப்பேசியில் பேத்தியை அழைத்துக் கதையை முதலிலிருந்து சொன்னார், இப்போது மரவள்ளியோடு. சொல்லி முடிக்க ஜொகூர் பாரு வந்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: முழங்கால் வரை காலணி, கைவிளக்கு, கொசு மருந்து. மழைக்கு மறுநாள் செம்மண் பாதையில் கார் இறங்காது. கட்டடத்துக்குப் போகுமுன் முச்சந்திக் கடையில் உட்கார்ந்து பேசுங்கள், நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். ஒரு மணிக்கு மேல் மூதாட்டி தூங்குவார். சர்க்கரை இல்லாத பிஸ்கட் ஒரு டின் வாங்கிப் போங்கள். யார் அனுப்பியது என்று கேட்டால், எலிக்குஞ்சு என்று சொன்னால் போதும்.