தேங்காயில் ஏறிய நஞ்சும் அக்காவின் பயமும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. கொட்டாஞ்சேனையில் பிறந்து, வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் கண் மூடினார். நான் அவருடைய ஒரே தங்கை.

அக்கா கதிர்வீச்சை அளக்கப் படித்தவர். முன்னொரு காலம் அணுகுண்டு வெடித்துச் சோதித்த பசிபிக் தீவொன்றுக்கு, வெளியேற்றப்பட்ட சனங்கள் திரும்பலாமா என்று தீர்மானிக்கும் குழுவில் அவரையும் சேர்த்தார்கள். இங்கே போர். வாசல் மணி அடித்தாலே பொலிஸ் சோதனையோ என்று நாங்கள் நடுங்கிய நாட்களில், அக்கா அங்கே மண்ணையும் தேங்காயையும் அளந்துகொண்டிருந்தார்.

நிலத்தில் நடமாடுவதில் ஆபத்துக் குறைவு. ஆனால் தென்னைகள் மண்ணிலிருந்த கதிர்வீச்சு நஞ்சை உறிஞ்சித் தேங்காய்க்குள் சேர்த்திருந்தன. "கப்பலில் அரிசி அனுப்புவோம், தேங்காயைத் தொடாமல் இருக்கட்டும்" என்றாராம் குழுத் தலைவர். அக்கா சம்மதிக்கவில்லை.

"யாழ்ப்பாணத்தில எங்கட மாமி ஆக்களுக்கும் கப்பலிலதானே சாமான் போகுது. கப்பல் வராட்டி என்ன பாடு எண்டு எனக்குத் தெரியும். பிள்ளை தாகத்தில அழுதா, தாய் இளநி வெட்டாமல் இருப்பாளோ?" என்று என்னிடம் சொன்னார்.

குழுவில் மற்றவர்கள், சனங்கள் திரும்பிப் போகலாம் என்றார்கள். குடும்பங்கள் போய் இறங்கின. கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாய், "எங்கள் ஊருக்கு ஏன் எங்களைப் போகவிடாமல் மறிக்கப் பார்த்தாய்?" என்று அக்காவைக் கோபித்தாராம். வீடு திரும்பிய அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நான் சொன்னது பிழையெண்டா, அதுகளின்ர ஊரைப் பறிக்கப் பார்த்த பாவம் எனக்கு. சரியெண்டா... ஐயோ, சரியா இருக்கக்கூடாதடி."

சரியாகவே இருந்தது. மறுமுறை போய் அந்தச் சனங்களின் உடலை அளந்தபோது நஞ்சு ஏறியிருந்தது. கப்பல் பிந்தியதால் எல்லாரும் தேங்காயில்தான் சீவித்திருக்கிறார்கள். அந்தத் தாயின் பெண்குழந்தையின் உடலிலும் ஏறியிருந்தது. "இவளுக்கு என்ன வரும்?" என்று தாய் கேட்டார். "தெரியாது" என்று மட்டுமே அக்காவால் சொல்ல முடிந்தது. அவர்களை மீண்டும் கப்பலேற்றியபோது, கப்பலுக்குக் கொண்டுபோகும் படகு வரும்வரை அந்தத் தாய் அக்காவின் கையை விடவில்லை.

நோயில் படுத்த பிறகும், "அந்தத் தீவுச் சின்னவளைப் பற்றி ஏதும் அறிஞ்சியா?" என்பதே அக்காவின் கேள்வி. எத்தனையோ பேரிடம் விசாரித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

சோதனைச் சாவடிகளில் "மகே நங்கி" என்று அக்காவைத் தன் தங்கையாகவே சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மேல்மாடிச் சிங்கள அம்மையாருக்கும், நற்கருணையோடு வீடு தேடி வந்த பங்குத் தந்தைக்கும், ஊரடங்கு நாளிலும் வந்து அக்காவைச் சுமந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவுக்காகச் செபிக்கும்போது, பெயர் தெரியாத அந்தப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.