பார்ட்டி பேரைச் சொல்லக் கூடாத வேலை

இந்துமதி தாளாளர் அறையின் கதவைத் தள்ளித் திறந்தாள். பதினேழு வருடமாக அந்தக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறாள். ஒருநாள்கூட அவள் பேரில் மெமோ வந்ததில்லை. அன்று காலை வந்திருந்தது.

'கல்லூரியின் அனுமதி பெறாமல், வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து வருவதாகத் தெரிகிறது. நேரில் விளக்கம் தரவும். அதுவரை தங்கள் இணைப் பேராசிரியர் பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

அந்தக் கடைசி வரியில்தான் அவள் உடைந்துபோனாள். ஏழு வருடமாகக் காத்திருக்கும் பதவி அது. அவளிடம் பாடம் கேட்ட மாணவி ஒருத்தி கோவையில் அந்த இடத்துக்கு வந்து, போன மாதம்தான் இனிப்போடு வந்து காலில் விழுந்துவிட்டுப் போனாள்.

ஜாப் ஒர்க் என்றால் திருப்பூரில் தெரியாதவர் இல்லை. பார்ட்டி எனப்படும் வாடிக்கையாளரின் துணியை வாங்கித் தைத்தோ, சாயம் ஏற்றியோ, செக்கிங் பார்த்தோ கூலிக்குத் திருப்பிக் கொடுப்பது. இந்துமதிக்கு ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி வேண்டும். அவள் யாருக்கு என்ன தைத்தாள்?

ஊத்துக்குளியில் பிறந்தவள். தினமும் ரயிலில் கோவைக்குப் போய்ப் படித்து, சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தைப் பிரிப்பது எப்படி என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். வீட்டை ஒட்டியே இருபது மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய கட்டுரைகள் இரண்டு மூன்று வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்தன. அதன்பிறகு அந்த இதழ்கள் முன்பின் தெரியாதவர்களின் கட்டுரைகளை அவளுக்கு அனுப்ப ஆரம்பித்தன. படித்துப் பாருங்கள், சோதனைகள் சரியா, பிரசுரிக்கலாமா என்று பதினான்கு நாளில் எழுதுங்கள் என்றன. கூலி கிடையாது. எழுதியவருக்கு அவள் பெயர் தெரியாது. அவளும் அந்தக் கட்டுரையை யாரிடமும் காட்டக்கூடாது.

முதல் கட்டுரை வந்த அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தன்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்டிருக்கிறார்களே! அது எட்டு வருடத்துக்கு முன்பு. ஒன்று முடிந்தால் அடுத்தது வந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. செக்கிங் மேஜை காலியாக இருக்கும், அதன் மேல் தாழ்வாகத் தொங்கும் டியூப் லைட்டுகளில் வெளிச்சம் நன்றாக இருக்கும். அங்கே போய் உட்கார்ந்துகொள்வாள். ஒரு கட்டுரையில் நாற்பது டிகிரி வெப்பத்துக்கான அட்டவணையும் அறுபது டிகிரிக்கான அட்டவணையும் கடைசிப் புள்ளிவரை ஒன்றாகவே இருந்தன. அதைக் கண்டுபிடிக்க இரண்டு ஞாயிறு போனது. திருத்தி வெளிவந்த கட்டுரையின் முடிவில், 'பெயர் அறியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. கணவனிடம் ஓடிப்போய்க் காட்டினாள்.

"இதுல உம் பேரு எங்க?" என்றார் மகுடேஸ்வரன்.

"அதுதானுங்க என் பேரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

வினை தொடங்கியது வேறொரு ஞாயிற்றுக்கிழமை. மருமகள் செக்கிங் மேஜையில் என்னதான் செய்கிறாள் என்று மாமியார் குழந்தையம்மாள் மகனிடம் கேட்டார்.

"ரிவ்யூங்கம்மா. வெளிநாட்டுக்காரங்க எழுதுனத இவ பாப்பா. சரியா இருந்தா பாஸ். தப்பு இருந்தா, திருத்திட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிருவா."

"அப்படிச் சொல்லு. செக்கிங் ஜாப் ஒர்க்கா."

மகுடேஸ்வரனுக்கு அன்று ஊசி உடைந்த மெஷின் ஒன்று காத்திருந்தது. "அப்படித்தான் வெச்சுக்குங்க" என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் குழந்தையம்மாளுக்குப் பக்கத்து இலை, தாளாளர் ஆத்தப்பனின் மனைவி கண்ணம்மாளுக்கு.

"மருமக வல்லீங்களா? வாத்தியார் வேலைக்கு ஞாயித்துக்கெழமையுமா லீவு இல்ல?" என்று கண்ணம்மாள் சிரித்துக்கொண்டே குத்தினார்.

குழந்தையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்கு ஏதுங்க லீவு? வெளிநாட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யறா. பெரிய பெரிய பார்ட்டிங்க" என்றார்.

மருமகளின் மானத்தைக் காப்பாற்ற நினைத்த வாய்தான் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது.

அறைக்குள் நுழைந்தவளிடம், "உக்காருங்க அம்மிணி" என்றார் ஆத்தப்பன். அவரும் ஏற்றுமதித் தொழில் செய்பவர்தான். கோபக்காரர் அல்ல. "எந்தப் பார்ட்டிங்க?"

"பார்ட்டின்னு இல்லீங்க சார். ஆய்விதழ்."

"சரி, என்ன ரேட்டு?"

"ரேட்டு இல்லீங்க."

"யாரோட சரக்கு?"

"அது சொல்லக் கூடாதுங்க. ரகசியமா வெக்கணுங்கறது விதி."

ஆத்தப்பன் நாற்காலியில் சாய்ந்தார். "கூலி இல்லீங்கறீங்க. பார்ட்டி பேரு சொல்ல மாட்டீங்க. நம்மூர்ல இதுக்கு வேற பேருங்க அம்மிணி."

இந்துமதி உண்மையைத்தான் சொல்கிறாள். ஆனால் சொல்லச் சொல்ல அது தன் காதுக்கே திருட்டுத்தனமாகக் கேட்டது. அந்த நேரத்தில் கதவு திறந்தது. குழந்தையம்மாள் நின்றுகொண்டிருந்தார். மகன் விஷயத்தைச் சொன்னதும் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்.

"நாந்தானுங்க சொன்னேன்" என்றார். முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது. "ஜாப் ஒர்க்குன்னு நாந்தான் நெனச்சுக்கிட்டேன். அவ சும்மாதானுங்க செய்யறா. இந்த எட்டு வருசத்துல ஒரு தம்பிடி வந்ததில்ல. எதுக்குச் செய்யறான்னு எனக்கும் வெளங்குலீங்க."

"எனக்கும் அதேதானுங்கக்கா" என்றார் ஆத்தப்பன். இந்துமதியின் பக்கம் திரும்பினார். அவர் குரலில் இப்போது சந்தேகம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நெசமாத்தான் கேக்கறேன். எதுக்குங்க இத செய்யறீங்க?"

இத்தனை நாளில் இந்துமதி தன்னையே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. "என் கட்டுரைய யாரோ பாத்தாங்க சார். அதனாலதான் அது வெளிய வந்துச்சு. அப்ப நானும் பாக்கணுமில்லீங்களா?"

"உங்களுத யாரு பாத்தது?"

"தெரியாதுங்க."

ஆத்தப்பன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு மெமோவின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். "போச்சாது, விடுங்க. பதவி உயர்வு பாரத்த இப்பவே பூர்த்தி பண்ணிக் குடுத்துருங்க. கமிட்டிக்கு அனுப்பிர்றேன்."

பாரத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. எழுதிய கட்டுரைகள், கலந்துகொண்ட கருத்தரங்குகள், நட்ட மரக்கன்றுகள், ரத்ததான முகாம்கள். சோதித்துக் கொடுத்த நாற்பத்தொரு கட்டுரைகளை எழுத ஒரு கட்டம் இல்லை. எட்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் எங்கே போய் உட்காரும்? இந்துமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தாளாளரின் மேஜையிலிருந்து ஸ்கேலை எடுத்து, ரத்ததான முகாம்களுக்குக் கீழே தானே ஒரு கட்டம் வரைந்தாள். 'பிறர் கட்டுரைகளை மதிப்பிட்டது: 41' என்று எழுதினாள்.

"இதுக்கு எத்தன மார்க்குங்க?" என்று கேட்டார் ஆத்தப்பன்.

"தெரியலீங்க சார்."

"எனக்கும் தெரியல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குழந்தையம்மாள் மருமகளின் கையை விடவே இல்லை. "இனிமே யாராச்சும் கேட்டா நான் என்ன கண்ணு சொல்லட்டும்?" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கண்காணிப்பாளர் ரங்காத்தாள்தான் பேசினார்.

"மேடம், உங்க ஃபைல் கமிட்டியிலிருந்து திரும்பி வந்துருச்சுங்க."

"வேண்டாம்னுட்டாங்களா?"

"இல்லீங்க, வேணும்னும் சொல்லல. நீங்க கையில கட்டம் போட்டு எழுதுனீங்களே, அதுக்கு என்ன மதிப்புன்னு அவங்களுக்குத் தெரியலியாம். வெளியில ஒரு பேராசிரியர் எல்லாத்தையும் படிச்சுப் பாத்து எழுதிக் குடுக்கணுமாம். மூணு பேருகிட்டக் கேட்டோமுங்க. ஒருத்தருக்கும் நேரமில்ல. அதுக்குக் காசும் ஒதுக்கலீங்க. சும்மா பாத்துக் குடுக்கற மாதிரி உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா மேடம்?"

இந்துமதி யோசித்தாள். நாற்பத்தொரு பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுடைய அட்டவணைகளை, அவர்கள் தடுமாறும் இடங்களை, அவர்கள் விட்டுவிட்ட புள்ளிகளைக்கூட அவளுக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. நான்தான் அது என்று சொல்லவும் கூடாது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க" என்றாள் இந்துமதி. "யோசிச்சுச் சொல்றேன்."